அந்த வேம்பு மட்டும் ஏன் தப்பியது?

வணக்கம் ஐயா,

திருகோணமலை நகருக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டி எங்கள் கிராமத்துக்கு ஒரு பொதுக்காணி இருக்கிறது. 60 மீற்றர் நீளம், 50 மீற்றர் அகலம். கிழக்கே கடல், மேற்கே வீதி. நான்கு வருடங்களுக்கு முன் அதைப் பூங்காவாக்கித் தந்தார்கள். கிறவல் கொட்டி உயர்த்தி, மூன்றில் ஒரு பங்குக்கு இன்டர்லொக் கல் பதித்து, இன்னொரு பங்குக்கு மலேசியன் புல் போட்டு, சுற்றிவர நாற்பது கன்று நட்டு, சறுக்குமரம் ஊஞ்சல் எல்லாம் வைத்து ஒரு பெப்ரவரியில் நாடா வெட்டினார்கள். ஆடிக்குள் புல் கருகிவிட்டது. கன்றுகளில் பாதியைக் கட்டாக்காலி மாடு தின்றது, மீதி காய்ந்தது. மார்கழி மழைக்குத் தண்ணீர் படலையடியில் நின்று முன்வீட்டு வளவுக்குள் போகிறது. முதலே நின்ற ஒரு பெரிய வேம்பு மட்டும் தப்பியது. சனம் அதன் கீழேதான் இருக்கிறது.

இப்போது திருத்திச் செய்யக் கொஞ்சப் பணம் வருகிறது. லான்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஒருவரைப் பிடிப்போம் என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். அது ஹோட்டல்காரருக்குப் பூந்தோட்டம் போடுகிறவர்களின் வேலை, அந்தக் காசுக்கு இன்னும் நூறு கன்று வாங்கலாம் என்று மற்றவர்கள். ஒரு தோட்டக்காரர் செய்யாத எதை அவர் செய்யப்போகிறார்? பிடித்தால் என்ன கேட்க வேண்டும்? எங்கள் கிராமத்தில் உயர்தரம் எழுதிய பிள்ளை ஒருத்தி இதைப் படிக்க விரும்புகிறாள், அதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்

*

அன்புள்ள செயலாளருக்கு,

வணக்கம். கன்று வாங்கலாம் என்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: நாற்பது செத்த இடத்தில் நூறு எப்படிப் பிழைக்கும்? உங்கள் காணியில் கன்று குறைந்ததால் எதுவும் கெடவில்லை. மட்டமும் மாதமும் தண்ணீரும்தான் பிழையாகிவிட்டன.

நிலத்தோற்றக் கட்டடக் கலைஞர் என்று கடதாசியில் எழுதப்படும் இந்த ஆளின் வேலை, கன்று வாங்குவதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டியது. காணியின் ஏற்ற இறக்கத்தை அளப்பார். கிணற்று நீர் மாரியில் எவ்வளவு உயர்கிறது, கோடையில் எவ்வளவு கரிக்கிறது, நாலு மணி வெயில் எங்கே விழுகிறது, சனம் எந்த வழியால் குறுக்கே நடக்கிறது என்று பார்ப்பார். இதையெல்லாம் ஒரே படத்தில் கொண்டுவந்து, ‘எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே’ என்று கொந்தராத்துக்காரர் பிறகு கைவிரிக்க முடியாதபடி அளவுகளோடு எழுதிக் கொடுப்பார். தோட்டக்காரரின் வேலை அதற்குப் பிறகு. ஒரு பூங்காவை வருடக்கணக்கில் காப்பாற்றுவது அவர்தான், அவருக்கான சம்பளத்தை மறந்துவிட்டுப் படம் கீறுவதில் பயனில்லை.

ஹோட்டல் தோட்டம் என்ற பெயர் இத்தொழிலுக்கு வந்ததற்கு நிலாவெளிப் பக்கம் காரணமாக இருக்கலாம். தொழில் தொடங்கிய இடத்தில் கதை வேறு. நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கு ஒல்ம்ஸ்ரெட், வோக்ஸ் என்ற வடிவமைப்பாளர்கள் இருவரும் கொடுத்த திட்டம் 1858 இல் தெரிவானபோது அந்த நிலம் சேறும் பாறையுமாகக் கிடந்தது. அங்கே முதலில் வடிகால் குழாய் பதித்தார்கள். ஊர் வண்டிகள் பூங்காவைக் கிழித்துக்கொண்டு போகாதபடி நான்கு குறுக்கு வீதிகளைப் பள்ளத்தில் இறக்கினார்கள். பிறகு பொஸ்டனில் ஒல்ம்ஸ்ரெட் அமைத்த பேக் பே பூங்காவும் (ஆம், திருகோணமலையில் இருப்பதுபோல் அங்கேயும் ஒரு பேக் பே) வெள்ளமும் கழிவுநீரும் சேர்ந்து நாறிய இடத்தைத் திருத்துவதற்கு வந்ததுதான். நம் வறண்ட வலயத்துப் பழைய குளங்களிலும் நீர் வரும் பக்கம் மரக்கூட்டம், கட்டுக்குக் கீழே உப்பை இழுக்கும் புதர்க்காடு என்று விட்டு வைத்தார்கள். யாரும் அதற்குப் பட்டம் வாங்கவில்லை.

இனி உங்கள் காணிக்கு வருவோம்.

திருகோணமலையில் ஒக்டோபரில் தொடங்கும் மழை ஜனவரியோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். நவம்பரிலும் டிசம்பரிலும் சராசரி 300 மில்லிமீற்றரைத் தாண்டும். ஜூனில் அதில் பத்தில் ஒரு பங்கும் தேறாது, கச்சான் காற்று வேறு அடிக்கும். பெப்ரவரியில் நாடா வெட்டுவதற்காக ஜனவரிக் கடைசியில் நட்ட கன்றுக்கு நல்ல ஈரம் இரண்டு மூன்று கிழமைதான். ஒக்டோபரில் முதல் கனமழைக்குப் பின் நட்டிருந்தால் வேர் இறங்க மூன்று மாதம் கிடைத்திருக்கும். அரச நிதியாண்டு டிசம்பரில் முடிவதால், மண்வேலை மாரிக்குள்ளும் நடுகை கோடையின் வாசலிலும் வந்து விழுவது வழக்கமான கூத்து. உங்களுக்குப் பணம் எந்த மாதம் வந்தாலும் மண்வேலை ஓகஸ்ட், செப்ரெம்பரில், நடுகை ஒக்டோபரில் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விழாவைத் தைப்பொங்கலுக்கு வைக்கலாம். பிரமுகர்கள் எந்த மாதம் கூப்பிட்டாலும் வருவார்கள்.

மலேசியன் புல் ஈரமும் கொஞ்சம் நிழலும் கேட்கும் புல். அதைத் திறந்த வெளியில் கடற்காற்றுக்கு முன்னால் போட்டிருக்கிறார்கள். 1,000 சதுர மீற்றர் புற்தரைக்கு நாளுக்கு 5 மில்லிமீற்றர் நீர் என்று வைத்தாலும் 5,000 லீற்றர். மே முதல் செப்ரெம்பர் வரை ஏழரை இலட்சம் லீற்றர். கிணற்றில் மோட்டார் போட்டு இறைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். கரையோர மணலுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால் கீழே உப்புநீரின் எல்லை 40 மீற்றர் வரை ஏறப் பார்க்கும் என்பது கணக்கு. பூங்கா பச்சையாக இருக்கும், பக்கத்து வீட்டுக் கிணறு கரிக்கும்.

ஆகவே எந்தத் திட்டத்துக்கும் முன் செப்ரெம்பர்க் கடைசியில் கிணற்று நீரின் மின்கடத்துதிறனை (உப்புக் கூடக் கூட இதுவும் கூடும்) அளந்து பாருங்கள். அதற்குக் கையடக்கக் கருவி இருக்கிறது. மீற்றருக்கு 0.7 டெசிசீமனுக்குக் கீழே இருந்தால் பயமில்லை. 3 ஐத் தாண்டினால் பூவரசு, புன்னை மாதிரி உப்புத் தாங்கும் மரங்களுக்கு மட்டும் ஊற்றலாம். பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்துக்கு அறுகு போதும். கோடையில் பழுப்பாகிச் செத்ததுபோல் கிடக்கும், ஐப்பசியில் தானாக எழும்பும். முகநூலில் படம் போடுகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

படலையடித் தண்ணீருக்குக் காரணம் கிறவல்தான். உங்கள் காணி மணல். மழை விழுந்த இடத்திலேயே குடித்துவிடும். அதன் மேல் கிறவல் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கி, கல் பதித்ததும் நீர் இறங்க வழியில்லாமல் போயிற்று. 50 மில்லிமீற்றர் மழை ஒன்றுக்கு 1,000 சதுர மீற்றர் கல்தரை ஏறத்தாழ 50,000 லீற்றரைத் தள்ளிவிடும். பத்தாயிரம் லீற்றர் பவுசர் ஐந்தை உங்கள் படலையில் திறந்துவிட்ட கணக்கு. காணி வீதியைவிட உயர்ந்துவிட்டதால் அது போகக்கூடிய ஒரே இடம் முன்வீடு.

கல்தரையை 600 சதுர மீற்றராகக் குறையுங்கள். அதற்கு மேல் கல் தேவைப்படுவது வாகனம் நிறுத்துகிறவர்களுக்கு மட்டும். மிஞ்சும் கல்தரையை 100 க்கு 1 முதல் 50 க்கு 1 வரையான சாய்வில், வீதிப் பக்கம் போகாமல் காணிக்குள்ளேயே ஒரு பள்ளத்தை நோக்கி இறக்க வேண்டும். 600 சதுர மீற்றரில் 50 மில்லிமீற்றர் என்றால் 30,000 லீற்றர். 100 சதுர மீற்றரில் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் அதைத் தாங்கும். பள்ளத்தின் கரை சரிவாக இருக்கட்டும், கோடையில் பிள்ளைகள் அதற்குள்ளேயே விளையாடுவார்கள். இதில் பிழை வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. மார்கழியில் கரையோரத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். பள்ளத்தின் அடி அந்த மட்டத்துக்கு அரை மீற்றராவது மேலே இல்லாவிட்டால் நீர் வடியாது, நாட்கணக்கில் நிற்கும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை போதும். 2017 இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாடு மறந்திருக்காது. எனவே இந்த மார்கழியில், மழை விட்ட மறுநாள், பக்கத்துக் கிணறுகள் மூன்றில் நிலமட்டத்திலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்று கயிறு விட்டு அளந்து எழுதி வையுங்கள். யாரைப் பிடித்தாலும் அவருக்கு முதலில் வேண்டிய தகவல் இது. மட்டம் மிக உயர்ந்திருந்தால் பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்துப் பரப்பைக் கூட்ட வேண்டும்.

வேம்பு ஏன் தப்பியது என்று யாரும் கேட்கவில்லை. விதை விழுந்த இடத்திலேயே முளைத்து, தலை வளர முன் வேரை ஈரம் வரை இறக்கிக்கொண்ட மரம் அது. ஆனால் இனியும் தப்பும் என்று நினைத்திருக்க வேண்டாம். அடியில் என்ன செய்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். மரத்தின் அடி நிலத்தைத் தொடும் இடத்தில் விரிந்து, வேர் பிரிவது தெரிய வேண்டும். மின்கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் போனால் அடியை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். வேரின் மேல் 15, 20 சென்ரிமீற்றர் கிறவல் இறுகிக் கிடந்தாலே காற்றுப் போகாமல் வேர் மெல்ல அழுகும். மரம் உடனே காட்டாது. சில வருடம் கழித்து உச்சிக் கொப்பு காயத் தொடங்கும், அப்போது பழியைக் கச்சானில் போடுவார்கள். அடிமரத்தின் விட்டத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு ஆரையில் ஒரு வட்டம் கீறுங்கள். 50 சென்ரிமீற்றர் மரத்துக்கு 6 மீற்றர். அந்த வட்டத்துக்குள் பெக்கோ வரக்கூடாது, சீமெந்து குழைக்கக்கூடாது, கல் அடுக்கக்கூடாது. ஏற்கெனவே பதித்த கல்லைக் கழற்றி, கிறவலை மண்வெட்டியால் மெதுவாக வாரி, பழைய மணல் தெரிந்ததும் நிறுத்துங்கள். கையளவு பருமனான வேரை வெட்ட வேண்டாம். சுற்றிக் கட்டு கட்டி மண் நிரப்பும் ஆசை எல்லாருக்கும் வரும், கூடாது. இருக்கைக்கு மரப்பலகை வாங்குகளை வட்டத்துக்குள் வைக்கலாம், கால்களை மட்டும் வேர் இல்லாத இடம் பார்த்து ஊன்றினால் போதும்.

புதிய மரங்களைக் கடலிலிருந்து உள்ளே வரிசையாக யோசியுங்கள். மணல் மேட்டில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் இருந்தால் பிடுங்கித் துப்புரவாக்க விடாதீர்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை, மணலைப் பிடித்து வைப்பது அதுதான். அதற்குப் பின்னால் தாழை, பிறகு பூவரசும் புன்னையும், வீதிப் பக்கம் வேம்பு, இலுப்பை. நாவலை உள்ளே ஒதுக்கான மூலையில் வைக்கலாம். சுனாமிக்குப் பிறகு பல கரைகளில் சவுக்கு நட்டார்கள். விரைவாக வளரும், ஆனால் அதன் கீழே உதிர்ந்த ஊசிப் படுக்கையில் அடம்பன்கூட வராது. உங்கள் காணிக்கு அது வேண்டாம். இரண்டு வரிசை மரம் சுனாமியைத் தடுக்கும் என்று யாராவது திட்டத்தில் எழுதினால் அந்த வரியை வெட்டுங்கள். அதைவிடக் கடற்கரையிலிருந்து வீதிக்கு நேராக, தடையில்லாமல், இரண்டு மீற்றர் அகலத்தில் ஒரு பாதையும் இரவிலும் பூட்டாத படலையும் பெறுமதி.

நாற்பது மரமும் வேண்டாம், 25 போதும். வேம்புக்கு 8 மீற்றர், பூவரசுக்கு 6 மீற்றர் இடைவெளி. குழியை வேர்க்கட்டியைப்போல் மூன்று மடங்கு அகலமாகவும், வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் ஆழமில்லாமலும் வெட்டுங்கள். பொலித்தீன் பையைக் கிழித்ததும் வேர் சுற்றிச் சுருண்டிருந்தால் மூன்று பக்கத்தில் மேலிருந்து கீழே கத்தியால் கீறிவிட வேண்டும்; விட்டுவிட்டால் அதே சுருள் பின்னாளில் மரத்தை நெரிக்கும், அல்லது புயற்காற்றில் சாய்த்துவிடும். குழி நிறைய வெறும் உரமண் போட்டால் வேர் அதற்குள்ளேயே சுகம் கண்டு நின்றுவிடும். தோண்டிய மணல் மூன்று பங்குக்கு மக்கிய எரு ஒரு பங்கு கலந்தால் போதும். கன்றிலிருந்து அரை மீற்றர் தள்ளி வட்டமாக ஒரு கான் வெட்டி, ஊறவைத்த பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மூடுங்கள். மேலே சருகு 7 முதல் 10 சென்ரிமீற்றர், தண்டில் தொடாமல். முதற் கோடையில் மரத்துக்கு 20 லீற்றர், கிழமைக்கு இரண்டு தரம். இரண்டாம் கோடையில் ஒரு தரம். 25 மரத்துக்குக் கிழமைக்கு 1,000 லீற்றர்தான். அந்தப் புல் கிழமைக்கு 35,000 கேட்டது.

மாட்டிடமிருந்து காக்க ஒவ்வொரு கன்றுக்கும் கம்பிக் கூடு வேண்டும். உயரம் 1.8 மீற்றர், ஏனென்றால் மாடு கழுத்தை நீட்டும்; நகருக்குள் என்றால் மானும் பின்னங்காலில் எழும்பி நிற்கும், கொம்பால் பட்டையையும் உரசும். மூன்றாம் வருடம் கூட்டைக் கழற்ற மறக்காதீர்கள். கம்பி தண்டுக்குள் புதைந்து செத்த மரங்களை நம் வீதியோரங்களில் எண்ணிப் பார்க்கலாம்.

பிள்ளைகள் பின்னேரம் வராவிட்டால், ஏனென்று சறுக்குமரத்தைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். தகரமோ பிளாஸ்ரிக்கோ, மேற்கு பார்த்தால் நாலு மணிக்குச் சுடும். கிழக்கு பார்க்கத் திருப்பி வையுங்கள். நாலு மணிக்கு மரத்தின் நிழல் அதன் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்தில் கிழக்கே விழும். ஐந்து மீற்றர் மரம் ஏழெட்டு மீற்றருக்கு நிழல் தரும். ஆக மரம் மேற்கில், ஊஞ்சல் அதற்குக் கிழக்கே ஐந்தாறு மீற்றரில். மரத்தை ஊஞ்சலைச் சுற்றி அழகாக வட்டமாக நட்டால் பாதி நிழல் கடற்கரை மணலில் விழும்.

பெண்கள் இருக்கும் இடத்துக்கு வேறு கணக்கு. வீதியிலிருந்து உள்ளே பார்வை தெரிய வேண்டும்: செடிகள் 75 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடாது, மரக்கிளை இரண்டு மீற்றருக்குக் கீழே இறங்கக்கூடாது. தாழையைப் பாதையோரம் வைக்காதீர்கள். மறைவும் பாம்பும் சேர்ந்து வரும். சக்கர நாற்காலிக்குப் பாதை 1.2 மீற்றர் அகலம், ஏறும் சரிவு 12 க்கு 1 ஐவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. முன்பு செய்தவர்கள் படலையில் படி வைத்திருந்தால் அதை உடையுங்கள்.

கடற்கரைப் பக்கத்தில் கரைவலைப் பாடு இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தால் வலை இழுக்கிறவர்கள் நடக்கும் வழியிலும் வலை காயப்போடும் இடத்திலும் ஒரு கன்றும் வைக்கக்கூடாது. வைத்தால் முதல் இரவே பிடுங்கப்படும், அதில் நியாயமும் இருக்கும். கலந்துரையாடல் என்று வார நாளில் காலை பத்து மணிக்குப் பிரதேச செயலகத்தில் கூட்டம் வைத்தால் தொழிலுக்குப் போகிற ஒருவரும் வரமாட்டார்கள். கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வார நாளும் ஒரு ஞாயிறும் காலை ஆறு, பகல் இரண்டு, பின்னேரம் ஐந்தரைக்கு உங்கள் அங்கத்தவர் ஒருவர் கொப்பியோடு இருந்து, யார் எந்த மூலையால் வந்து எந்த மூலையால் போகிறார்கள் என்று காணிப் படத்தில் கோடு போடட்டும். தடித்த கோடுகள்தான் பாதை. பிறகு காணியிலேயே சுண்ணாம்பால் கீறி, வேம்பின் கீழ் வைத்தே கூட்டத்தை நடத்துங்கள். படத்தைப் பார்த்துப் பேசாதவர்கள் நிலத்தைப் பார்த்துப் பேசுவார்கள்.

கையில் பணம் குறைவென்றால் வடிவமைப்பாளரிடம் முழு வேலையும் கேட்க வேண்டியதில்லை. கால் மீற்றர் இடைவெளியில் சமவுயரக் கோடு போட்ட நில அளவைப் படம், மண்மட்டமும் வடிகாலும், நடுகைப் படம், அளவுப் பட்டியல், இவற்றோடு மூன்று தரம் வந்து பார்ப்பது. முதல் வருகை கயிறு பிடித்து அளவு குறிக்கும் நாள். இரண்டாவது கல் பதிக்க முன், அடித்தளம் திறந்திருக்கும்போது; இதைத் தவறவிட்டால் பிறகு எதையும் பார்க்க முடியாது. மூன்றாவது நடுகை நாள். கொந்தராத்துத் தொகையில் வழக்கமாகப் பிடித்து வைக்கும் 5 சதவீதத்தை ஒரு முழுக் கோடை தாண்டி, செப்ரெம்பரில் உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணிய பிறகே விடுவிக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். தண்ணீர் ஊற்றுகிறவருக்கு இரண்டு வருடச் சம்பளத்தையும் அளவுப் பட்டியலிலேயே ஒரு வரியாகச் சேருங்கள். பிறகு பார்ப்போம் என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். கடலின் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். மண் போடவும் கட்டவும் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டிவரும், விண்ணப்பத்தை நேரத்தோடு கொடுங்கள்.

படிக்க விரும்பும் பிள்ளைக்கு: மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக் கட்டடக் கலைக்கென்றே இளமாணிப் பட்டம் இருக்கிறது. எந்தப் பாடங்களோடு விண்ணப்பிக்கலாம், உளச்சார்புப் பரீட்சை எப்போது என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைநூலில் பார்க்கச் சொல்லுங்கள். கீறத் தெரிந்தால் நல்லது, புவியியலும் கணிதமும் கைகொடுக்கும். பெறுபேறு வரும் வரை சும்மா இருப்பதென்றால் அந்தக் கொப்பிக் கணக்கையும் கிணற்றுக் கயிற்றையும் அவளிடமே கொடுக்கலாம்.